ஏவெலியோ கேட்ட தண்டனை

ஏவெலியோ பண்ணைக் காவல்காரராகச் சேர்ந்தபோது ஊரில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் முடிந்து அடுத்த வருடம் அது. எங்கள் மோந்தேசெக்கோ ஊரில் அப்போது நாய் குரைக்கும் சத்தம்கூடக் கிடையாது. இருந்த நாய்கள் எங்கே போயின என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்தக் கோடையில்தான் ஏவெலியோவின் இரண்டாவது குழந்தை செத்துப்போயிருந்தது. காய்ச்சல் என்று டாக்டர் எழுதினார். ஏவெலியோவின் மனைவி பசிலிசா, பால் வற்றிய மார்பில் அந்தக் குழந்தை கடித்த தழும்பை என்னிடம் காட்டியிருக்கிறாள். அது என்ன காய்ச்சல் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால், பண்ணைக் கணக்குப்பிள்ளை தோன் ஹசிந்தோ அவரைக் கூப்பிட்டு, தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போடும் தோல் பட்டையையும் அதில் தைத்த பித்தளைத் தட்டையும் ஒரு துப்பாக்கியையும் கொடுத்தபோது, ஏவெலியோ வாங்கிக்கொண்டார். தோப்பு ஓரத்தில் புகைபோக்கி வைத்த வீடும் கிடைத்தது. மூத்த பெண் சக்ராரியோவாவது பிழைக்கும் என்று பசிலிசா மெழுகுவத்தி ஏற்றினாள்.

நானும் என் வீட்டுக்காரரும் சதுக்கத்தின் மூலையில் மதுக்கடை வைத்திருந்தோம். கசில்தா கடை என்று என் பேரில்தான் சொல்வார்கள். பட்டையோடு அவர் முதல்முறை கடைக்குள் வந்த நாள் நினைவிருக்கிறது. பசிலிசாவின் தம்பி நெமேசியோ மேசைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஏவெலியோவை மேலும் கீழும் பார்த்தான்.

“மச்சான், மார்ல என்ன அது, தட்டா? கொஞ்சம் கழட்டிக் குடு. கசில்தா அக்கா சூப்பு வச்சிருக்காங்க, ஊத்திக் குடிச்சிட்டுத் தர்றேன்.”

கடை முழுக்கச் சிரிப்பு. ஏவெலியோவும் சிரித்தார். நெமேசியோவின் வாய் அப்படி. பாதிரியார் தும்முவது மாதிரித் தும்மிக் காட்டுவான். தோன் ஹசிந்தோ குதிரையிலிருந்து இறங்குவதை நடித்துக் காட்டினால் வயிறு வலிக்கும். வெறும் வயிற்றோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வருடங்களில்தான் தெரிந்துகொண்டோம். அவனும் ஏவெலியோவும் சின்ன வயதிலிருந்தே அறுவடைக்கு ஒன்றாகப் போனவர்கள், ஒரே வைக்கோல் போரில் தூங்கியவர்கள். அக்காவை ஏவெலியோவுக்குக் கட்டிவைத்ததே நெமேசியோதான்.

எங்கள் ஊரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் ஓக் மரங்கள். எல்லாம் பண்ணைக்குச் சொந்தம். இலையுதிர் காலத்தில் கொட்டைகள் உதிர்ந்து தரை தெரியாமல் கிடக்கும். அவை பண்ணையின் கருப்புப் பன்றிகளுக்கு. பன்றி மிதித்துவிட்டுப் போனதைப் பொறுக்கினாலும் திருட்டுதான். பிடிபட்டால் சிவில் கார்டு என்ற நாட்டுப்புறப் போலீஸின் நிலையத்தில் அடி, பெண்ணாக இருந்தால் தலையை மழித்து விளக்கெண்ணெய் குடிக்க வைப்பார்கள், வீட்டில் கழுதை இருந்தால் அதுவும் போகும். அப்படியும் பொறுக்கினோம். வறுத்து இடித்து ரொட்டி சுடுவோம். கருப்பாக, கசப்பாக, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்காது. ஆனால் அன்றைக்குச் சாப்பிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வருடம் ஏவெலியோ பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார். மூன்றாவது வருடம் பன்றிகள் எடை குறைந்தன. தோன் ஹசிந்தோ அவரை வாசலில் நிற்கவைத்தே பேசினார்.

“பொண்டாட்டி வீட்டு ஆளுங்களுக்கு நீ கண்ண மூடிக்கிறேன்னு பேச்சு வருது ஏவெலியோ.”

“அப்படி இல்லைங்க ஐயா.”

“இல்லாட்டி நல்லது. அந்தப் பட்டைய மாட்டிக்க இந்த ஊர்ல எத்தனையோ தோள் காத்துக்கிட்டு இருக்கு. அத மறந்துடாத.”

அதற்கடுத்த வாரம், தூறல் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தோப்பின் பள்ளத்துப் பக்கம் நெமேசியோவை அவர் பார்த்தார். அங்கே நடந்ததைப் பல வருடம் கழித்து ஏவெலியோவே என்னிடம் சொன்னார். கூட்டாமல் குறைக்காமல் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

நெமேசியோ பாதி நிறைந்த சாக்கோடு மரத்தடியில் குந்தியிருந்தான். கழுதை கொஞ்சம் தள்ளி நின்றது.

“கொட்டிட்டுப் போயிடு.”

“வெளாடாத மச்சான். புள்ளைங்க நேத்துலேருந்து ஒண்ணும் திங்கல.”

“கொட்டுன்னு சொன்னேன்.”

நெமேசியோ சாக்கைக் கவிழ்த்தான். மெதுவாக, ஒவ்வொன்றாக விழும்படி கவிழ்த்தான். பிறகு கீழே குனிந்து ஒரே ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டு, ஏவெலியோவின் கண்ணைப் பார்த்துக்கொண்டே பல்லால் உடைத்தான்.

“துப்பு.”

அவன் மென்றான்.

“துப்புடா.”

“ஒரு கொட்டை கொறஞ்சா உன் மொதலாளி பன்னி அழுமா மச்சான்? போ, போய்க் கண்ணத் தொடச்சி விடு.”

ஏவெலியோ துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் அடித்தார். ஒரே அடி. காதுக்குப் பின்னால் பட்டது. நெமேசியோ உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுதையைப் பிடித்துக்கொண்டு நடந்து போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நேராகத்தான் நடந்தான், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன் என்றார் ஏவெலியோ.

“அவன் சொன்ன வார்த்தைக்காக அடிக்கல கசில்தா. அதவிட மோசமா எவ்வளவோ கேட்டிருக்கேன். அவன் பயப்படாம மென்னான். என் கொழந்த செத்துக்கிட்டு இருந்தப்ப, தோப்புக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒரு கல்லுச் சுவருதான். தாண்டிப் போயி ஒரு பிடி எடுத்துட்டு வர எனக்குத் தைரியம் வரல. இவன் என் முகத்துக்கு நேரா நின்னு மெல்றான். அந்தச் சத்தம் தாங்கல எனக்கு.”

வீட்டுக்கு வந்த நெமேசியோ, கழுதை உதைத்துவிட்டது என்று சொல்லிப் படுத்தான். வாந்தி எடுத்தான். பிறகு ஒரு கண்ணை மூட முடியவில்லை. வாரம் முடிவதற்குள் செத்துப்போனான். அவன் மனைவி லியோகாதியாவுக்கு நாலு பிள்ளைகள். கடைசிக் குழந்தைக்கு இன்னும் நடை வரவில்லை.

உடலைக் கழுவ பசிலிசாவும் நானும் போனோம். தலையைத் திருப்பிக் காதுக்குப் பின்னால் துடைக்கும்போது அவள் கை நின்றது. நீளமாக, நேராக, விளிம்பு வைத்த ஒரு தடம். பசிலிசா அதன்மேல் விரலை வைத்து அளப்பது போல நகர்த்தினாள்.

“கழுதைக் குளம்பு நேராவா இருக்கும் கசில்தா?” என்று கேட்டாள்.

நான் துணியைப் பிழிந்து கொடுத்தேன். அவள் முடியை எடுத்து அந்தத் தடத்தின்மேல் வாரிவிட்டாள், தாடையைத் துணியால் கட்டினாள். வெளியே ஏவெலியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். சவப்பெட்டியை முன்பக்கம் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போனவரும் அவர்தான்.

அன்றிலிருந்து பசிலிசா புருஷனோடு பேச்சை நிறுத்தினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. கொண்டைக்கடலைக் குழம்பைத் தட்டில் ஊற்றி வைப்பாள், சட்டையைத் துவைத்துப் போடுவாள். கேட்டால் ஆமாம், இல்லை. அவ்வளவுதான்.

ஏவெலியோவுக்கு அந்தச் சத்தம் போகவில்லை. கொட்டையைப் பல்லால் உடைக்கிற சத்தம். தோப்பில் நடந்தால் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் ஒன்றும் இருக்காது. சில நாள், பட்டப்பகலில், பள்ளத்து மரத்தடியில் நெமேசியோவே குந்தியிருப்பான். “பேச மாட்டான், திட்ட மாட்டான். என்னப் பாத்துக்கிட்டே மென்னுக்கிட்டு இருப்பான்” என்றார். வீட்டில் சக்ராரியோ காய்ந்த ரொட்டியைக் கடித்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பிறகு அந்த வீட்டில் ரொட்டியைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்துத்தான் சாப்பிட்டார்கள்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். பாதிரியார் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொறுமையாகக் கேட்டார்.

“அவன் திருட வந்தானா?”

“ஆமா சாமி.”

“நீ காவல்காரன்தானே?”

“ஆமா சாமி.”

“கை கொஞ்சம் பலமா பட்டுடுச்சு. கொல்லணும்னு நீ நெனைக்கல. ஒரு ஜெபமாலை சொல்லு, அவன் ஆத்துமாவுக்கு ஒரு பூசை வை.”

“அவ்வளவுதானா சாமி?”

“இன்னும் என்னப்பா வேணும் உனக்கு?” பாதிரியார் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்ததாம். வெளியே நீளமான வரிசை நின்றிருந்தது.

அதன் பிறகு சிவில் கார்டு நிலையத்துக்குப் போனார். துப்பாக்கியை மேசைமேல் வைத்து, நெமேசியோவை நான்தான் கொன்றேன், என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். தலைமைக் காவலர் பூட்ஸைக் கழற்றிவிட்டு அடுப்பருகே காலைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

“கழுதை உதைச்சுச்சுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. டாக்டர் பொய் சொல்றாருங்கிறியா?”

“அவருக்குத் தெரியாதுங்க.”

“அப்ப எனக்கும் தெரியாது. இங்க பாரு ஏவெலியோ, திருடன அடிச்சதுக்குக் காவல்காரன உள்ள போட்டா, நாளைக்கு இந்த ஊரே சாக்கத் தூக்கிக்கிட்டுத் தோப்புக்குள்ள போகும். உன் மொதலாளி என் தோலை உரிச்சிடுவாரு. துப்பாக்கிய எடு. வீட்டுக்குப் போயி ஒரு கிளாஸ் அனிஸ் சாராயம் குடிச்சிட்டுப் படு.”

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போவதென்று தெரியாமல் நேரே லியோகாதியாவின் வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து துணி தைத்துக்கொண்டிருந்தாள். அவர் மண்ணில் மண்டி போட்டார். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள்.

“நான்தான் லியோகாதியா.”

“தெரியும் அண்ணே. அவரு சொன்னாரு.”

ஏவெலியோ தலை நிமிர்ந்தார். “சொன்னானா? அப்புறம் ஏன் கழுதைன்னு...”

“உங்களுக்காகத்தான். மச்சான் வேலை போயிட்டா எங்க அக்கா புள்ள பட்டினியா கெடக்கும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையப் புடிச்சிக்கிட்டுக் கேட்டாரு.” தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். “எழுந்திரிங்க. ஊர் பாக்குது.”

“என்னை ஏதாவது செய். அடி. காறித் துப்பு.”

“எனக்கு அதுக்கெல்லாம் தெம்பு இல்ல அண்ணே. வீட்ல மாவு இருந்தா கொஞ்சம் குடுத்தனுப்புங்க.”

சில நாள் கழித்து, தோப்பிலிருந்து வீட்டுக்கு வந்தவர் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இந்த வேலை இனி வேண்டாம், தெற்கே எங்காவது ஆலிவ் பறிக்கப் போகலாம் என்றார். பசிலிசா அடுப்பிலிருந்து திரும்பினாள். லியோகாதியா சொன்னது அவள் காதுக்கும் வந்திருந்தது. மாதக்கணக்கில் பேசாதவள் அன்றைக்குப் பேசினாள்.

“என் தம்பி சாகும்போது வாயை மூடிக்கிட்டுச் செத்தது இந்தப் பட்டைக்காக. நீ சுலபமா கழட்டி மாட்டிட்டுப் போயிடுவியா?”

“என்னால முடியல பசிலிசா. அங்க அவன் இருக்கான்.”

“இருக்கட்டும். போட்டுக்க. நீ செத்தாலும் இதோட சாவு. பண்ணையிலேருந்து வர்றதுல பாதி அவன் வீட்டுக்குப் போகணும்.”

அவளே பட்டையை எடுத்து அவர் தலை வழியாக மாட்டிவிட்டாள். மறுநாள் அவர் தோப்புக்குப் போனார்.

அப்படியே பதினைந்து வருடத்துக்கு மேல் போனார். பன்றி அடிக்கும் காலத்தில் காவல்காரருக்குக் கிடைக்கும் கொழுப்பிலும் குடலிலும் பாதி லியோகாதியா வீட்டுக்குப் போகும். மாவில் பாதி, விறகில் பாதி. அவள் வாங்கிக்கொள்வாள், நன்றி சொல்ல மாட்டாள்.

தன்னுடைய கோவேறு கழுதையின் கழுத்தில் ஏவெலியோ பெரிய மாட்டு மணி ஒன்றைக் கட்டினார். கழுதை தொலைந்துபோகிறது என்று தோன் ஹசிந்தோவிடம் காரணம் சொன்னார். உண்மைக் காரணம் ஊருக்கு உடனே புரிந்தது. மணிச் சத்தம் மேட்டுப் பக்கம் கேட்டால் பெண்கள் பள்ளத்துப் பக்கம் சாக்கோடு போவார்கள். பள்ளத்தில் கேட்டால் மேட்டுக்கு. அந்த மணியால் எங்கள் ஊரில் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று யாரும் எண்ணியதில்லை. என் கடைசி மகன் அவர்களில் ஒருவன்.

அவரைத் தெரியாதவர்கள் யாராவது இதைக் கேட்டால், ஊர் அவரை ஒதுக்கியிருக்கும் என்று நினைக்கலாம். ஒதுக்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. வாசலில் மண்டி போட்டதை எல்லோரும் பார்த்திருந்தார்கள், நெமேசியோ எப்படிச் செத்தான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் கடைக்குள் அவர் நுழைந்தால் இடம் ஒதுக்கித் தருவார்கள். “வா ஏவெலியோ, எப்படி இருக்க? ஒரு கிளாஸ் ஊத்து கசில்தா, என் கணக்குல.” பெண்கள் தெருவில் நின்று சக்ராரியோவைப் பற்றி விசாரிப்பார்கள். நாளைக்கு மணி எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்பது அவர் கையில் இருந்தது. அவர் முகத்துக்கு நேரே ஒரு கெட்ட வார்த்தை சொல்ல எங்களில் ஒருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. கொடுத்ததைக் குடிப்பார், தலையைக் குனிந்துகொண்டு போவார்.

பிறகு காலம் மாறியது. கடைகளில் வெள்ளை ரொட்டி வந்தது. லியோகாதியா பிள்ளைகளோடு பில்பாவோவுக்குப் போனாள். அங்கே ஆலைகளில் வேலை இருந்தது. பசிலிசா நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாள்களில்கூட அவள் புருஷனிடம் தண்ணீர் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். சக்ராரியோ கல்யாணமாகி பார்சலோனாவுக்குப் போனாள். பண்ணைக்கு முள்கம்பி போட்டார்கள், மோட்டார் சைக்கிளில் சுற்றும் புதுக் காவல்காரன் வந்தான், ஏவெலியோவை அனுப்பிவிட்டார்கள். ஊருக்குள் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். தினமும் கல்லறைக்குப் போய் நெமேசியோவின் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்துச் சுத்தமாக வைத்திருப்பார்.

ஒரு வருடம் கல்லறைத் திருநாளுக்கு லியோகாதியா வந்தாள். நல்ல கோட்டு, கைப்பை, கொஞ்சம் பருத்திருந்தாள். தனியாகப் போக மனமில்லை, நீயும் வா என்று என்னைக் கூப்பிட்டாள். செவ்வந்திப் பூக்களை நான் தூக்கிக்கொண்டு போனேன். ஏவெலியோ கல்லுக்குப் பக்கத்தில் வாளியோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார்.

லியோகாதியா கல்லைப் பார்த்தாள். அதன் பளிச்சென்ற வெள்ளை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

“எதுக்கு அண்ணே இதெல்லாம்?”

“எனக்காக வாயை மூடிக்கிட்டுப் போனவன். இதுகூடச் செய்யலன்னா எப்படி?”

அவள் சுவர் ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்தாள், மூடினாள்.

“அவரு உங்களுக்காக வாயை மூடல” என்றாள்.

ஏவெலியோவுக்குக் காது கேட்காத மாதிரி இருந்தது. அவள் மறுபடி சொன்னாள்.

“பயந்து போயிருந்தாரு. நீங்க அடிச்சீங்கன்னு சொன்னா, அங்க எதுக்குப் போனேன்னு கேப்பாங்க. கழுதையப் புடுங்கிக்குவாங்க, உள்ள போடுவாங்க. அதான் கழுதை உதைச்சதுன்னு சொன்னாரு. நீங்க திரும்ப வந்துடுவீங்களோன்னும் பயம். தாழ்ப்பாள் போடு, தாழ்ப்பாள் போடுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வாசல்ல காலடி கேட்டாக்கூட உடம்பு தூக்கிப் போடும்.”

“அப்ப அக்கா புள்ள பட்டினி...”

“அது நான் சொன்னது. நீங்க வாசல்ல வந்து விழுந்தீங்க. முகத்தப் பாத்தேன். வேலைய விட்டுட்டு ஓடிடுவீங்கன்னு தெரிஞ்சிச்சு. நீங்க ஓடிட்டா என் வீட்டுக்கு மாவு யாரு குடுப்பா? நாலு புள்ளைங்க அண்ணே. வாயில என்ன வந்துச்சோ சொன்னேன். அண்ணி கேட்டா விட மாட்டாங்கன்னும் தெரியும், அதான் அவங்க காதுல போட்டேன்.”

பூ என் கையிலேயே இருந்தது. ஏவெலியோ வாளியைக் கீழே வைத்தார்.

“பசிலிசா சாகுற வரைக்கும் அத நம்பினா” என்றார்.

“தெரியும். அதான் இப்ப வந்தேன். பில்பாவோல நல்ல வீடு, வெந்நீர்க் குழாய்கூட இருக்கு. படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது.”

 பிறகு ஏவெலியோ கேட்டார்: “உண்மையிலயே அவன் என்னப் பத்தி என்ன சொன்னான்?”

லியோகாதியா யோசித்தாள். பொய் சொல்லிவிடலாமா என்று யோசித்தாளோ என்னவோ.

“‘என்னத் தெரியாதவன் மாதிரி அடிச்சான்’னு சொன்னாரு. ஒரே ஒரு தடவ. அப்புறம் உங்க பேர எடுக்கல.”

அவர் தலையாட்டினார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, வாளியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் கல்லறைப் பக்கம் போகவில்லை. லியோகாதியா மாலை பஸ்ஸில் ஏறினாள். மறுபடி வரவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஏவெலியோவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. கடைக்கு வந்து உட்கார்ந்ததும், எதிரில் யார் இருந்தாலும், வணக்கம் சொல்கிற குரலில் சொல்வார்: “நெமேசியோவைக் கொன்னவன் நான்தான்.” டோமினோ ஆடுகிறவர்கள் கட்டையிலிருந்து தலை நிமிராமல், “சரி ஏவெலியோ, ஆற வச்சிடாத, குடி” என்பார்கள். இளசுகள், கிழவனுக்கு மூளை குழம்பிவிட்டது என்றார்கள். தபால்காரரிடம் சொன்னார், புதிதாக வந்த பள்ளி ஆசிரியையிடம் சொன்னார். அவள் பாவப்பட்டு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். அன்றைக்கு அவர் கிளாஸைத் தொடாமலே எழுந்து போனார்.

அடுத்த இலையுதிர் காலத்தில் சாலைக்குத் தார் போட வடக்கிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் அஸ்தூரியாஸ்காரர் ஒருவர், ஒரு காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்தவர், அகலமான கைகள், அதிகம் பேசாதவர். முதல் நாள் சாயங்காலம் இடமில்லாமல் ஏவெலியோவின் மேசையில் உட்கார்ந்தார்.

“நெமேசியோவைக் கொன்னவன் நான்தான்” என்றார் ஏவெலியோ.

அந்த மனிதர் சுற்றிலும் பார்த்தார். “அவரு அப்படித்தான், கண்டுக்காதீங்க” என்றது டோமினோ மேசை.

“நெசமா?” என்று அவர் ஏவெலியோவையே கேட்டார்.

“நெசம்.”

“யாரு அந்த ஆளு?”

“என் மச்சினன்.”

“எதுக்காக?”

“ஓக் கொட்டை பொறுக்கினான். பசிக்கு. நான் பண்ணைக்குக் காவல்.”

அஸ்தூரியாஸ்காரர் எழுந்தார். கத்தவில்லை. தன் கிளாஸில் இருந்த மதுவைத் தரையில் ஊற்றினார், கிளாஸை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

“இந்த ஆள் உக்காந்திருக்கிற எடத்துல நான் குடிக்க மாட்டேன்மா” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

 நான் ஏவெலியோவைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது, பசிலிசாவைக் கட்டிக்கொண்ட காலத்துக்குப் பிறகு நான் பார்க்காத ஒரு முகம் அது. சிரிப்பு இல்லை. வலித்துக்கொண்டிருந்த ஏதோ நின்றுபோனவருடைய முகம். எழுந்து வெளியே போய், சதுக்கத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்த அந்த மனிதரின் பின்னால் கொஞ்ச தூரம் போனார். “நீங்க உள்ள போங்க. நான் வெளிய நின்னுக்கிறேன்” என்று ஏவெலியோ சொன்னது எங்களுக்குக் கேட்டது.

அன்றிலிருந்து தார் வேலைக்காரர்கள் கடையில் இருக்கும் நேரமெல்லாம் ஏவெலியோ வெளியே, ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் ஓரம் நின்றார். மழையிலும் நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன்.

“உள்ள வா ஏவெலியோ. உடம்புக்கு வந்துடும்.”

“வேணாம் கசில்தா. அவரு குடிக்கட்டும்.” பிறகு, நான் கேட்காமலே, “இப்பல்லாம் தூங்குறேன்” என்றார்.

சாலை வேலை முடிந்து அவர்கள் போனார்கள். ஏவெலியோ அதன் பிறகும் உள்ளே வரவில்லை. அதே சுவர் ஓரத்தில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நிற்பார், கடை மூடும் வரை. டோமினோ மேசையில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. அவர்கள் அத்தனை பேரும் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். முதலில் ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். பிறகு இன்னொருவர். கடைசியில் என் வீட்டுக்காரர் குளிர் அடிக்கிறது என்று சொல்லி ஜன்னலுக்குத் திரை போட்டார். திரைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்கும். ஆட்டத்தில் யார் முறை என்று மறந்துபோய் எல்லோரும் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரியில் அவருக்கு நிமோனியா கண்டது. சக்ராரியோ வந்து சேர்வதற்குள் இறந்துவிட்டார். பெட்டியைத் தூக்க ஆள்களுக்குக் குறைவில்லை. ஊர் முழுக்க வந்தது.

திரையை மட்டும் யாரும் விலக்கச் சொல்லவில்லை. இன்றைக்கும் நான் துவைத்துத் துவைத்து மாட்டுகிறேன்.